எது எதை நம்பி இருக்கிறது

எங்கள் அலுவலகத்தில் பில்ட் போடுவதற்கென்று ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. 2002 வாக்கில் சென்னையில் நாங்கள் எழுதிக்கொண்டிருந்தது, கையில் பிடித்தபடி ரசீது அச்சிடும் ஒரு சிறிய கருவிக்கான மென்பொருள். முழுக்க முழுக்க சி மொழி. இருநூறுக்கும் மேற்பட்ட கோப்புகளைக் கம்பைல் செய்து, லிங்க் செய்து, கருவிக்குள் ஏற்றக்கூடிய பைனரியாக மாற்றி, பதிப்பு எண் கொடுத்து அனுப்புகிற பொறுப்பு ஒருவரிடம் இருந்தது. பெங்களூரில் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் நெடுங்காலம் வேலை பார்த்துவிட்டு வந்தவர். எல்லாரும் எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் அந்த அலுவலகத்தில் அவர் ஒருவர் மட்டும் எங்களுக்கு ‘சார்’.

அந்த நோட்டில் இருபதுக்கும் மேற்பட்ட படிகளை அவர் வரிசை எண் போட்டு எழுதி வைத்திருந்தார். எந்த டைரக்டரிக்குப் போக வேண்டும், எந்தக் கட்டளையைத் தட்ட வேண்டும், திரையில் என்ன வந்தால் அடுத்த படிக்குப் போகலாம் என்று எல்லாமே அதில் உண்டு. வெளியீட்டு நாளில் நோட்டைத் திறந்து மேசையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படி முடிந்ததும் பென்சிலால் ஒரு டிக் போடுவார். முழு பில்டுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். நடுவில் யாராவது, “சார், ஒரு சின்ன மாற்றம் விட்டுப்போச்சு” என்று வந்து நின்றால் முதல் படியிலிருந்து மறுபடி தொடங்குவார். முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

எங்கள் பாடு வேறு மாதிரி. வெளியீட்டுக்கு மட்டும்தான் சார். அன்றாடம் எழுதும் நிரலை அவரவரே கம்பைல் செய்து கருவியில் ஏற்றிப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆளுக்கொரு ஷெல் ஸ்கிரிப்ட் வைத்திருந்தோம். சிலருடையது ஒவ்வொரு முறையும் எல்லாக் கோப்புகளையும் கம்பைல் செய்யும். அதில் ஆபத்தில்லை, ஆனால் நாளெல்லாம் காத்திருக்க வேண்டும். வேறு சிலருடையது கைவைத்த கோப்பை மட்டும் கம்பைல் செய்து பழையவற்றோடு சேர்த்து லிங்க் செய்யும். சீக்கிரம் முடிந்துவிடும். ஆனால் எந்தக் கோப்பு மாறினால் வேறு எவையெல்லாம் பழசாகும் என்பதை மனதால் கணக்குப் போட வேண்டும்.

அந்தக் கணக்கு ஒரு நாள் பிசகியது. கருவி திரையில் காட்டும், தாளில் அச்சிடும் வாசகங்கள் எல்லாம் ஒரே உரைக் கோப்பில் இருந்தன, வரிக்கு ஒரு வாசகம். ஒரு பெர்ல் ஸ்கிரிப்ட் அதைப் படித்து இரண்டு கோப்புகளை உருவாக்கும்: ஒவ்வொரு வாசகத்துக்கும் ஓர் எண் தரும் ஹெடர் கோப்பு ஒன்று, வாசகங்களை அட்டவணையாக வைத்திருக்கும் சி கோப்பு ஒன்று. பட்டியலின் நடுவே புதிதாக ஒரு வாசகம் நுழைந்தது. அதற்குக் கீழே இருந்த எண்கள் எல்லாம் ஒன்று நகர்ந்தன. அச்சிடும் பகுதியின் ஆப்ஜெக்ட் கோப்பு மட்டும் பழைய எண்களோடு அப்படியே கிடந்தது. விளைவாக, ரசீதின் அடியில் ‘நன்றி’ வர வேண்டிய இடத்தில் ‘காகிதம் தீர்ந்துவிட்டது’ என்று அச்சானது.

இரண்டு பேர் நிரலை வரிவரியாகப் பார்த்தார்கள். நிரலில் தவறே இல்லை. மாலையில் யாரோ அலுத்துப்போய் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முழுசாகக் கம்பைல் செய்தார்கள்; பிழை போய்விட்டது. எல்லாரும் சிரித்துக்கொண்டே டீ குடிக்கக் கிளம்பினார்கள். எனக்கு மட்டும் அந்தப் பிழை வந்ததைவிட அது சொல்லாமல் கொள்ளாமல் போனதுதான் உறுத்தியது. சரியான நிரலை எழுதிவிட்டு, அது ஏன் தவறாக ஓடுகிறது என்று ஒரு பகல் முழுக்கத் தேடுவது எந்த வகையில் நம் வேலை?

இதே எரிச்சலோடு 1976இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஸ்டீவ் ஜான்சன், சக ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மனின் அறைக்குள் நுழைந்தார் என்பதைப் பின்னால் படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. ஜான்சன் சாதாரண ஆளில்லை. யாக் என்ற புகழ்பெற்ற கருவியை எழுதியவர். பிழையை ஏற்கெனவே திருத்திவிட்டார். திருத்திய கோப்பைக் கம்பைல் செய்ய மட்டும் விட்டுப்போயிருந்தது. பழைய ஆப்ஜெக்ட் கோப்பே மறுபடி லிங்க் ஆகியிருக்க, சரியாக இருந்த நிரலில் காலை முழுக்கப் பிழை தேடியிருந்தார். முந்தைய மாலை ஃபெல்ட்மனும் அதே தொல்லையில் மாட்டியிருந்தார். எது எதைச் சார்ந்தது என்பதைக் கண்டறியும் பெரிய கருவி ஒன்றைத்தான் முதலில் யோசித்தார்கள். அது சுருங்கிச் சுருங்கி, அந்த வார இறுதியிலேயே ‘மேக்’ என்ற எளிய கருவியாகப் பிறந்தது. அதற்காக 2003ஆம் ஆண்டின் ஏசிஎம் மென்பொருள் விருது ஃபெல்ட்மனுக்குக் கிடைத்தது.

எங்கள் அலுவலகத்திலும் மேக் இல்லாமலில்லை. மேக்ஃபைல் என்ற பெயரில் ஒரு கோப்பும் இருந்தது. அதற்குள் ஒரே ஓர் இலக்கு, அதன் கீழே எல்லாக் கட்டளைகளும் வரிசையாக. பெயர்தான் மேக்ஃபைல், உள்ளே இருந்தது ஸ்கிரிப்ட். முறையாக ஒரு மேக்ஃபைல் எழுதித் தரட்டுமா என்று மேலாளரிடம் கேட்டேன். “சார் கிட்ட கேட்டுக்கோ. அவர் சரின்னா சரி” என்றார்.

சார் மறுப்புச் சொல்லவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு அவர் மேசைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வேன். நோட்டு நடுவில் இருக்கும். கட்டளைகளை அப்படியே கணினிக்கு மாற்றிவிட்டால் முடிந்தது என்றுதான் அவர் நினைத்தார். மேக் கேட்பது அதுவல்ல. அதற்கு ஒவ்வொரு விதியிலும் மூன்று சங்கதிகள் வேண்டும்: உருவாக வேண்டிய கோப்பு எது, அது எந்தெந்தக் கோப்புகளை நம்பி இருக்கிறது, அவற்றிலிருந்து இதை உருவாக்கும் கட்டளை என்ன. உருவாக வேண்டிய கோப்பு இல்லாமலிருந்தாலோ, அது நம்பியிருக்கும் கோப்புகளில் ஒன்று அதைவிடப் பிந்தைய நேரத்தில் மாறியிருந்தாலோ மட்டும் மேக் அந்தக் கட்டளையை ஓட்டும். இல்லாவிட்டால் தொடாது. எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது என்று நாம் சொல்வதே இல்லை. விதிகளை ஒன்றோடொன்று கோத்துப் பார்த்து வரிசையை அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும்.

வீட்டுச் சமையலில் இது எல்லாருக்கும் தெரிந்த சங்கதிதான். அரிசி ஊறாமல் மாவு அரைக்க முடியாது. ஆனால் சட்னிக்குத் தேங்காய் துருவ அரிசி ஊறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சாரின் நோட்டில் இந்த வேறுபாடு கிடையாது. எல்லாப் படிகளும் ஒன்றன் கீழ் ஒன்றாக, ஒவ்வொன்றும் முந்தையதை நம்பி இருப்பதுபோல் நின்றன. எனவே ஒவ்வொரு படியிலும் நான் ஒரே கேள்வியைக் கேட்டேன்.

“இது எதை நம்பி இருக்கு சார்?”

“அதுக்கு முந்தின படியைத்தான்பா.”

“முந்தின படியில வர்ற எந்தக் கோப்பை?”

அவர் சற்று யோசிப்பார். சில சமயம் சட்டென்று பதில் வரும். சில சமயம் நோட்டைப் பின்னால் புரட்டுவார். எழுத்துருப் படங்களைச் சி அட்டவணையாக மாற்றும் படிக்குப் பக்கத்தில் ‘தேவைப்பட்டால்’ என்று மட்டும் எழுதியிருந்தது. எப்போது தேவைப்படும் என்பது அவர் தலைக்குள் இருந்தது. தமிழ், இந்தி எழுத்துகளின் படங்களில் ஒரு புள்ளி மாறினாலும் ஓட்ட வேண்டும். மாறாதபோது ஓட்டினால் பத்து நிமிடம் வீண். எந்த வாரத்தில் யார் எழுத்துருவில் கைவைத்தார்கள் என்பதை அவர் நினைவில் வைத்திருந்துதான் அந்த ஒற்றைச் சொல்லை இத்தனை நாள் சுமந்திருக்கிறார். மேக்ஃபைலில் அது ஒரு வரியாயிற்று: எழுத்துரு அட்டவணை, எழுத்துருப் படங்களையும் அவற்றை மாற்றும் ஸ்கிரிப்டையும் நம்பி இருக்கிறது. அன்றோடு அந்தச் சுமையை அவர் இறக்கி வைத்தார்.

இன்னொரு படியில் ‘லிங்க் – இரண்டு முறை’ என்று சிவப்பு மையில் அடிக்கோடிட்டு எழுதியிருந்தது. ஏன் இரண்டு முறை என்று கேட்டேன். “ஒரு தடவை போட்டா கருவியில ஏறாதுப்பா. எனக்கு முன்னாடி இருந்தவர் சொல்லிக் கொடுத்தது” என்றார். இருவரும் உட்கார்ந்து துருவியதில் விளங்கியது. முதல் லிங்க் முடிந்ததும், எந்தப் பகுதி நினைவகத்தில் எந்த முகவரியில் உட்கார்ந்திருக்கிறது என்ற வரைபடக் கோப்பு ஒன்று கிடைக்கும். அதிலிருந்து ஒரு ஸ்கிரிப்ட் சிறிய அட்டவணை ஒன்றை உருவாக்கும். கருவி தன்னைத்தானே சரிபார்த்துக்கொள்ள அந்த அட்டவணை பைனரிக்குள்ளேயே இருக்க வேண்டும். அதனால்தான் இரண்டாவது லிங்க். லினக்ஸ் கெர்னலின் பில்டிலும் குறியீட்டுப் பெயர்களின் அட்டவணையைப் பைனரிக்குள் வைக்க இதே மாதிரி ஒரு முறைக்கு மேல் லிங்க் நடக்கிறது என்பதைப் பின்னாளில் பார்த்தேன். காரணம் தெரிந்ததும் அந்தப் படி தானாகவே மூன்று விதிகளாகப் பிரிந்தது. ‘இரண்டு முறை’ என்ற சொல்லுக்கே இடமில்லாமல் போயிற்று. சார் அந்த விதிகளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இதுக்குத்தானா இத்தனை வருஷம்!” என்றார். அந்தக் குரலில் இருந்தது முழுக்க மகிழ்ச்சி.

ஒரு டைரக்டரியை அழித்துவிட்டுத் தொடங்கச் சொல்லும் படிக்கு மட்டும் யாராலும் காரணம் சொல்ல முடியவில்லை. தேடியதில், எப்போதோ கைவிடப்பட்ட பழைய கம்பைலர் ஒன்று விட்டுச்செல்லும் குப்பையை அகற்ற எழுதிய படி அது என்று தெரிந்தது. கம்பைலர் போய்விட்டது, படி மட்டும் தங்கிவிட்டது. அதை நீக்கிவிட்டுச் சோதித்தோம். ஒன்றும் ஆகவில்லை.

இந்தப் பிற்பகல்களில்தான் என் வாழ்நாள் முழுவதற்கும் போதுமான ஒரு பாடத்தைக் கற்றேன். படிகளின் பட்டியல், ஒருவர் என்ன செய்தார் என்பதைச் சொல்லும். ஏன் செய்தார் என்பதை அது விழுங்கிவிடும். விதி அப்படி விடாது. நம்பி இருக்கும் கோப்பின் பெயரைச் சொன்னால்தான் விதியை எழுதவே முடியும். பெயரைச் சொல்லப் போனால் காரணத்தைத் தேடியே ஆக வேண்டும். சாரின் நோட்டில் இருந்தது வரிசை. அவர் மனதில் இருந்தது காரணம். நோட்டை எங்களுக்குக் கொடுத்துவிட்டு அவர் ஓய்வு பெற்றிருந்தால் வரிசை மட்டும்தான் எங்களிடம் மிஞ்சியிருக்கும்.

அதற்குப் பிறகு வந்தது நுணுக்கமான வேலை. எந்தச் சி கோப்பு எந்த ஹெடர்களைச் சேர்த்துக்கொள்கிறது என்பதைக் கையால் எழுதிக் கட்டுப்படியாகாது. நிரல் நாள்தோறும் மாறும். அந்தத் தகவல் கம்பைலருக்குத் தெரியும். கம்பைல் செய்யும்போதே தான் படித்த ஹெடர்களின் பட்டியலை மேக் விதியாகவே ஒரு சிறு கோப்பில் எழுதித் தரச் சொல்லி ஜிசிசிக்கு ஒரு விருப்பத்தேர்வு உண்டு. அந்தச் சிறு கோப்புகளை மேக்ஃபைல் உள்ளே இழுத்துக்கொள்ளும். ‘நன்றி’ இருந்த இடத்தில் ‘காகிதம் தீர்ந்துவிட்டது’ வந்த அந்தப் பிழை இனி வர வழியில்லை: வாசகக் கோப்பு மாறினால் ஹெடர் மாறும், ஹெடர் மாறினால் அதைச் சேர்த்துக்கொண்ட அத்தனை கோப்புகளும் மறுபடி கம்பைல் ஆகும். அவை மட்டும்தான் ஆகும்.

அதே வாசகக் கோப்பிலிருந்து ஒரே ஓட்டத்தில் இரண்டு கோப்புகள் உருவாவதை மேக்குக்குப் புரியவைப்பது அன்றைக்குச் சற்றுச் சிரமம். சாதாரணமாக எழுதினால், இரண்டுக்கும் தனித்தனியாக ஸ்கிரிப்டை ஓட்டவேண்டும் என்று எடுத்துக்கொள்ளும். % குறி போட்ட மாதிரி விதியாக எழுதினால்தான் இரண்டையும் ஒரே ஓட்டத்தின் விளைவாக ஏற்கும். இதற்கென்று நேரடியான வழி 2020இல் வந்த குனு மேக் 4.3இல்தான் கிடைத்தது. டேப்பின் தொல்லையும் இருந்தது. கட்டளை வரி டேப் எழுத்தில் தொடங்க வேண்டும். எட்டு ஸ்பேஸ் தட்டினால் கண்ணுக்கு ஒன்றாகத்தான் தெரியும், மேக் மட்டும் ‘மிஸ்ஸிங் செபரேட்டர்’ என்று நின்றுவிடும். லெக்ஸ் கருவியை அப்போதுதான் பழகிக்கொண்டிருந்த ஃபெல்ட்மன், எளிதாக இருக்கிறதே என்று அப்படி வைத்தார். சில வாரங்களிலேயே பத்துப் பன்னிரண்டு நண்பர்கள் அதைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள். அவர்களுடைய கோப்புகளைக் கெடுக்க மனமில்லாமல் மாற்றாமலே விட்டார். அந்தச் சில நண்பர்களின் வசதிக்காக நின்ற டேப் இன்றுவரை உலகம் முழுக்க நிற்கிறது.

மேக் முழுக்க முழுக்கக் கோப்புகளின் நேரத்தை நம்புவதால் கடிகாரமும் சரியாக இருக்க வேண்டும். எங்கள் கோப்புகள் வேறொரு சர்வரில் இருந்தன. அதன் கடிகாரம் முந்தி ஓடியபோது, கோப்பின் நேரம் எதிர்காலத்தில் இருக்கிறது, பில்ட் முழுமையாக இல்லாமல் போகலாம் என்று மேக் எச்சரித்தது. வரி வரியாக ஓடும் ஸ்கிரிப்ட் இதைக் கவனித்திருக்காது. சர்வரின் கடிகாரத்தை நெட்வொர்க் நேரத்தோடு இணைத்த பிறகு அந்த எச்சரிக்கை நின்றது.

எல்லாம் எழுதி முடித்ததும் சார் உடனே நம்பிவிடவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. எதையும் செய்யாமல், என்னென்ன செய்யப்போகிறது என்று மட்டும் மேக் காட்டும் ஒரு முறை உண்டு. அந்தப் பட்டியலை அச்சிட்டு, நோட்டோடு ஒப்பிட்டுப் பென்சிலால் டிக் போட்டார். பிறகு நோட்டின்படி ஒரு பைனரி, மேக்ஃபைல்படி ஒரு பைனரி என்று உருவாக்கி இரண்டையும் பைட்டுக்குப் பைட் ஒப்பிடச் சொன்னார். பதிப்பு நேரம் பதியும் இடத்தைத் தவிர மற்றதெல்லாம் ஒத்துப்போயிற்று. அதன் பிறகே தலையசைத்தார்.

உண்மையான சோதனை அதற்கப்புறம்தான் வந்தது. ஒரே நேரத்தில் பல கட்டளைகளை ஓட்டச் சொன்னால் மேக் ஓட்டும். இரண்டு பிராசசர் கொண்ட சர்வரில் அப்படி ஓட்டியபோது, அதுவரை ஒழுங்காக நடந்த பில்ட் ஓரிடத்தில் நின்றது. பதிப்பு எண் ஹெடர் உருவாகும் முன்பே அதைக் கேட்கும் கோப்பு கம்பைல் ஆகப் பார்த்தது. ஒவ்வொன்றாக ஓட்டும்போது தற்செயலான வரிசை அந்தக் குறையை மூடி வைத்திருந்தது. சார்பைச் சொல்லும் ஒரு வரியைச் சேர்த்ததும் சரியாயிற்று. சொல்லப்படாத சார்பு எங்கே ஒளிந்திருக்கிறது என்று காட்ட இதைப் போன்ற சோதனை வேறில்லை. இதற்காகவே 2022இல் வந்த குனு மேக் 4.4இல் வரிசையை வேண்டுமென்றே கலைத்து ஓட்டிப் பார்க்கும் வசதியைச் சேர்த்திருக்கிறார்கள்.

அந்த ஆண்டு சார் தன் மகள் கல்யாணத்துக்காக நீண்ட விடுப்பில் போனார். அந்தச் சமயத்தில் ஒரு வெளியீடு வந்தது. எங்களில் ஒருவர் ‘மேக் ரிலீஸ்’ என்று தட்டினார். பைனரி, சரிபார்ப்பு எண், பதிப்புக் குறிப்பு எல்லாம் ஒரே பொதியாக வந்து நின்றன. சாருக்கு யாரும் தொலைபேசி அடிக்கவில்லை. திரும்பி வந்தவர், “அப்போ நான் இனி என்னப்பா பண்றது?” என்று கேட்டார். அந்தக் கேள்வியில் கவலையும் கொஞ்சம் இருந்தது. அதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் பதிலை அவரே கண்டுபிடித்தார். தொழிற்சாலையில் கற்ற பழக்கத்தோடு, கருவியில் உண்மையான காகிதச் சுருளை மாட்டி, வெவ்வேறு வெப்பநிலையில் அச்சு எப்படி வருகிறது என்று சோதிக்கத் தொடங்கினார். எந்தப் பதிப்பில் பைனரியின் அளவு எவ்வளவு வளர்ந்தது, ஏன் வளர்ந்தது என்று கணக்கெடுத்தார். அந்த வேலைகளை எங்கள் யாராலும் அவ்வளவு நன்றாகச் செய்திருக்க முடியாது. இத்தனை ஆண்டுகள் டிக் போடுவதில் கழிந்த அவருடைய நேரம் அப்போதுதான் அவருக்குத் திரும்பக் கிடைத்தது.

பின்னாளில் சின்னதாகப் பதிப்பகம் நடத்தும் நண்பர் ஒருவருக்கு இதே கருவியைக் கொண்டுபோனேன். ஓர் அத்தியாயத்தில் ஓர் ஒற்றுப் பிழையைத் திருத்தினாலும் அச்சுக்கு ஒரு பிடிஎஃப், மின்நூலுக்கு ஒரு கோப்பு என்று எல்லாவற்றையும் கையால் மறுபடி செய்துகொண்டிருந்தார். அச்சுக்குச் சீடெக், மின்நூலுக்குப் பான்டாக் என்று வைத்து விதிகள் எழுதினோம். இரண்டும் அத்தியாயக் கோப்புகளை நம்பி இருக்கின்றன. அச்சுப் பிரதி மட்டும் எழுத்துருவையும் நம்பி இருக்கிறது. இந்த இரண்டு வாக்கியங்களைக் கண்டுபிடிக்க நாங்கள் பேசியதுதான் பெரிய வேலை. எழுதியது சொற்ப வரிகள்.

மேக்குக்கும் எல்லைகள் உண்டு. கோப்பின் நேரம் மாறியதா என்றுதான் பார்க்கும். உள்ளடக்கம் மாறியதா என்று பார்க்காது. கம்பைலருக்குத் தரும் விருப்பத்தேர்வை மாற்றினாலும் அதற்குத் தெரியாது. குரோம் உலாவிக்காகக் கூகுளில் எவன் மார்ட்டின் எழுதிய நிஞ்சா, கடந்த முறை ஓட்டிய கட்டளையையும் நினைவில் வைத்துக்கொள்ளும். கூகுள் 2015இல் வெளியிட்ட பேசல் உள்ளடக்கத்தையே ஒப்பிடும். இவை மேக்கைவிட வேகமும் நுட்பமும் கொண்டவை. ஆனால் இவையும் நம்மிடம் கேட்பது 1976இல் மேக் கேட்ட அதே கேள்வியைத்தான்.

இன்று புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் தினமும் செய்யும் வேலைகளை ஸ்கிரிப்டாக எழுதிக் காட்டுகிறார்கள். நல்லது, ஆனால் அங்கேயே நின்றுவிட வேண்டாம் என்று அவர்களிடம் சொல்கிறேன். ஒவ்வொரு படியிலும் என்ன கோப்பு பிறக்கிறது, அது எவற்றை நம்பி இருக்கிறது என்று எழுதுங்கள். பதில் தெரியாத படி வந்தால் அதைத் தாண்டிப் போகாதீர்கள். அந்த வேலையை நெடுநாள் செய்தவரிடம் போய் உட்காருங்கள், அவர் அங்கே இருக்கும்போதே கேளுங்கள். கட்டளைகளை யார் வேண்டுமானாலும் திரும்ப எழுதிக்கொள்ளலாம். காரணங்கள் அவரோடு கிளம்பிப் போய்விட்டால், அடுத்து வருகிறவர் அவற்றைப் பிழைகளின் வழியாகத்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும்.